கோல்பியின் ஜாமீனும் நாற்பது தேன் பன்னும்

பிரியமுள்ள தங்கச்சி ஓர்ஃபாவுக்கு, கென்டக்கியிலிருந்து அண்ணன் டெல்மர் எழுதிக்கொண்டது. நானும் நாய்களும் சௌக்கியம். உன் முழங்காலையும் உன் வீட்டுக்காரரின் டிரக்கையும் ஆண்டவர் ஓடும் நிலையில் வைத்திருப்பாராக.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் மகன் கோல்பி சனிக்கிழமை பதினோரு மணிக்கு மிஸ்டியைக் கல்யாணம் செய்துகொள்வான். அதில் எள்ளளவும் சந்தேகம் வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடித்து மாட்டி, கோர்ட்டுக்கு வரச் சொன்ன நாளிலும் மீன் பிடிக்கப் போனவனை ஜெயிலில் போடாமல் என்ன செய்வார்கள்? ஜாமீனுக்கு நீ அனுப்பிய ஐந்நூறு டாலர் வந்தது. "கோர்ட்டு கவுன்டர்ல கட்டு, ரசீது வாங்கு, வேற எதையும் தொடாதே" என்று மூன்று தடவை சொன்னதும் காதில் விழுந்தது. ஆனால் கவுன்டரில் பதினாலு பேர். எதிரே ஜெயில் வாசலில் பணம் கட்டும் மிஷின் ஒன்று சும்மா நின்றது. முப்பத்தோரு வருஷம் கேஸ் லாரி ஓட்டியவனுக்கு ஒரு மிஷின் பெரிதா? கசங்கிய நோட்டையெல்லாம் துப்பியது. ஒவ்வொன்றாகத் தொடையில் தேய்த்துத் தேய்த்து ஊட்டினேன். கடைசியில் நன்றி என்றது. நானும் தொப்பியைத் தொட்டுக்கொண்டேன்.

ஜெயில் ஜன்னலில் இருந்த குமாஸ்தா நடீனிடம் பையனை அனுப்பச் சொன்னேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"ஜாமீனுக்கு ஒண்ணும் வரலையே. அவனோட கடைக் கணக்குல ஐந்நூறு ஏறியிருக்கு. உள்ளே சோப்பு, நூடுல்ஸ் வாங்குற கணக்கு."

"அப்ப திருப்பிக் கொடும்மா."

"அவன் வெளிய வரும்போது கொடுப்போம்."

"அதைக் கட்டினாத்தானே வெளிய வருவான்?"

"ஆமா."

"அது உன்கிட்டதானே இருக்கு?"

"ஆமா. வெளிய வரும்போது கொடுப்போம்."

அவள்மேல் எனக்குக் கோபமில்லை, ஏனென்றால் ஒரு படிவம் இருப்பதாக அவளேதான் சொன்னாள். கோல்பி அதில் கையெழுத்துப் போட்டால் கடைக் கணக்கிலிருந்து ஜாமீனுக்கு மாற்றலாம்; ஐந்நூறும் குறையாமல் இருக்க வேண்டும், நீதிபதியும் கையெழுத்துப் போட வேண்டும். படிவம் உள்ளே போய்ச் சேர இரண்டு நாள். அதற்குள் கோல்பி போன் செய்தான்.

"மாமா, என்னை நம்பி இதுவரைக்கும் யாரும் பத்து டாலர் கொடுத்ததில்ல. நீங்க ஐந்நூறு போட்டிருக்கீங்க. கல்யாணப் பரிசுன்னு நெனச்சு, உள்ளே இருக்கிற எல்லாருக்கும் விருந்து வெச்சுட்டேன்."

அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நூடுல்ஸுக்கும் தேன் பன்னுக்குமாகத் தொண்ணூறு டாலர் போயிருந்தது.

அதனால் என்ன? என் படகு மோட்டாரை விற்று, இன்று திங்கட்கிழமை காலை அந்தத் தொண்ணூறையும் அதே மிஷினில் போட்டு நிரப்பிவிட்டேன். எனக்கும் அதற்கும் இப்போது நல்ல பழக்கம். சாயங்காலத்துக்குள் பையன் வெளியே. நீ நீல கவுனை இஸ்திரி போட்டு வை.

கர்த்தருடைய சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். பக்கத்து வீட்டு லூவெல்லாவுக்கும் என் விசாரிப்பு.

அன்புள்ள அண்ணன்,
டெல்மர்

பி.கு.: உறையை ஒட்டும்போது கோல்பி போன் செய்தான். பிறகும் செய்தான். இதுவரை ஏழு தடவை. தொண்ணூறும் அவனுடைய போன் கணக்கில் ஏறிவிட்டதாம். அதை மாற்றப் படிவமே கிடையாதாம். பணம் குறைகிறதென்று முதல் படிவம் திரும்பி வந்துவிட்டது. நீதிபதி மூன்று மணிக்கே பத்து நாள் லீவில் கிளம்பிவிட்டார், மீன் பிடிக்க. லைசென்ஸோடு.

மிஸ்டியிடம் போய்ச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"மூணு தடவை தேதி வெச்சோம், மூணு தடவையும் ஆத்துக்குப் போயிட்டான். இந்தத் தடவையாவது எங்க இருப்பான்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

கல்யாண லைசென்ஸை அவன் உள்ளே போவதற்கு முன்பே இரண்டு பேருமாய்ப் போய் வாங்கிவிட்டார்கள். அவன் வாழ்க்கையில் வாங்கிய ஒரே லைசென்ஸ். பாஸ்டரும் ஜெயிலரும் சம்மதித்துவிட்டார்கள். பார்வையாளர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன், உறுதிமொழி போனில். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம், அந்தத் தொண்ணூறு டாலரில் நிமிஷத்துக்குக் குறைவே இல்லை. கேக்கை உள்ளே விடமாட்டார்கள். அவனிடம் நாற்பது தேன் பன் மிச்சம் இருக்கிறது.

சனிக்கிழமை, பதினோரு மணி. நான் சொன்ன நேரம் தப்பவில்லை. கட்டாயம் வா. பணம் எதுவும் கொண்டுவராதே. கொண்டுவந்தாலும் என்னிடம் கொடுக்காதே.