ஊத மாட்டேன் என்ற ஓரின்

"ஊது மச்சான், நேரமாகுது," என்றான் வெண்டல்.

ஓரின் டட்டில் அந்தக் கறுப்புப் பெட்டியை முறைத்தார். அது வெண்டலின் காரில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. வெண்டல் குடித்துவிட்டு ஓட்டி மாட்டிக்கொண்டதற்காகக் கோர்ட்டு மாட்டச் சொன்னது. ஊதினால்தான் வண்டி கிளம்பும். மூச்சில் சாராயம் இருந்தால் கிளம்பாது.

"உன் வண்டி, நீ ஊது."

"ராத்திரி கொஞ்சம் அதிகமாப் போச்சு. நான் ஊதினா சாயந்தரம்தான் கிளம்பும்."

"இன்னைக்கு எனக்கு விசாரணைன்னு தெரியுமில்ல?"

"தெரியும். அந்தக் கவலையிலதான் குடிச்சேன்."

 இவன் பேச்சைக் கேட்டுத்தானே ஓரின் இந்தக் கதிக்கு வந்தார். மனைவியின் தம்பியாயிற்றே என்று பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் தீயணைப்பு நிலைய மண்டபத்தில் வெள்ளிக்கிழமை மீன் விருந்து. ஓரின் குடித்தது இரண்டே பீர். மூன்றாவது பீரை யாரோ அவர் சட்டையில் கொட்டினார்கள். வீடு திரும்பும் வழியில், பின்விளக்கு எரியவில்லை என்று ஷானா ப்ரூயிட் என்கிற போலீஸ்காரி நிறுத்தினாள். சட்டை நாறிய நாற்றத்தில் நேராக ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ஊதச் சொன்னாள்.

ஊதியிருந்தால் கௌரவமாக வீட்டுக்கு வந்திருக்கலாம். ஆனால், 'என்ன ஆனாலும் ஊதாதே மச்சான், ஊதலேன்னா அவங்ககிட்ட ஆதாரமே கிடையாது' என்று வெண்டல் வருஷக்கணக்காக ஓதியது அவர் மண்டையில் உட்கார்ந்திருந்தது.

"ஊதலேன்னா, நீங்க குடிச்சீங்களோ இல்லையோ, ஒரு வருஷம் லைசென்ஸ் போயிடும் சார்," என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். பொறுமையாகத்தான் சொன்னாள். இவர் ஒவ்வொரு முறையும் மாட்டேன் என்று தலையாட்டினார்.

அன்றே லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. இடுப்பெலும்பு முறிந்த அவர் மனைவி கிளெண்டா, நாற்பது மைல் தள்ளி நகரத்து மருத்துவ இல்லத்தில் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். ஓரின் தினமும் காரில் போய் அவளோடு மதியச் சாப்பாடு சாப்பிடுவார். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. இப்போது வெறும் போன்தான்.

"நான் நடக்கக் கத்துக்கிட்டிருக்கேன். நீயும் கத்துக்கோ," என்றாள் கிளெண்டா போனில். சிரித்துக்கொண்டே சொன்னாள். போனை வைத்தபிறகு ஓரின் கொஞ்ச நேரம் அழுதார்.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை இன்று அதே நகரத்தில் நடக்கும் லைசென்ஸ் விசாரணை. "கைது பண்ணின போலீஸ் வரலேன்னா லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துடுவாங்க. பாதி நாள் அவங்க வர்றதில்ல. ஆனா நீங்க வரலேன்னா போச்சு," என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

ஓரின் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெட்டியில் ஊதினார். பெட்டி கீச்சென்று கத்திச் சிவப்பாக மின்னியது.

"மச்சான், நீயுமா?"

"வாய் கொப்புளிச்சேன்டா. அதிகாரி முன்னாடி வாய் நாறக்கூடாதுன்னு, அந்தப் பச்சைக் கலர் மவுத்வாஷ்ல."

"அதுலயும் சாராயம் இருக்கு மச்சான்."

"ஊதறதுக்கு முன்னாடி சொல்றதுக்கு என்னடா?"

"நீ கொப்புளிச்சது எனக்கு எப்படித் தெரியும்?"

வெண்டலிடம் பதில் இல்லாத கேள்வியே கிடையாது. தோட்டத்துக் கொட்டகையிலிருந்து பனியில் ஓட்டும் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தான். "இதுல பெட்டி இல்ல. பெரிய ரோடு வரைக்கும் கொண்டுவிடறேன். அங்க யாராவது ஏத்திக்குவாங்க."

வேறு வழி? ஓரின் கோட்டும் டையுமாகப் பின்னால் ஏறி, வெண்டலின் இடுப்பைக் கட்டிக்கொண்டார். பெரிய ரோடு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் வண்டி பள்ளத்தில் இறங்கியது. வண்டி ஒரு பக்கம், வெண்டல் ஒரு பக்கம், ஓரின் இடுப்பளவு பனியில்.

"உனக்கு அடி கிடி பட்டுச்சா மச்சான்?"

"நீ எதுவும் பேசாதே. இனிமே எப்பவும் பேசாதே."

நனைந்த பேன்ட்டோடு ரோட்டோரத்தில் நின்று கை காட்டினார். நாலைந்து வண்டிகள் அவரைப் பார்த்ததும் வேகம் கூட்டிப் போயின. கடைசியில் ஒரு நீலக் கார் வந்தது. இதையும் விட்டால் போச்சு என்று ரோட்டுக்கே இறங்கி, இரண்டு கையையும் நீட்டி மறித்தார்.

கண்ணாடி இறங்கியது. ஷானா ப்ரூயிட்.

 ஆக, வருகிறாள். எந்தப் பெண் வரக்கூடாது என்று ஒரு மாதமாக வேண்டிக்கொண்டாரோ, அவளே.

"என்ன சார் இது, இந்தக் குளிர்ல எங்க போறீங்க?"

"எங்க போவேன்? நீங்க போற இடத்துக்குத்தான். பத்து மணி விசாரணைக்கு."

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். "ஏறுங்க," என்றாள்.

சீருடையில்லாமல் ஸ்வெட்டரும் ஜீன்ஸுமாக இருந்தாள். விசாரணைக்குச் சீருடை வேண்டாம் போலிருக்கிறது என்று ஓரின் நினைத்துக்கொண்டார். அவள் ஹீட்டரை அவர் கால் பக்கம் திருப்பிவிட்டாள். நல்ல பெண்தான். அதுதான் இன்னும் வேதனையாக இருந்தது.

விசாரணை சீக்கிரமே முடிந்தது. ஷானா நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

"ஊதலேன்னா லைசென்ஸ் போகும்னு இவங்க சொன்னாங்களா?" என்று அதிகாரி ஓரினைக் கேட்டார்.

"சொன்னாங்க."

"அப்புறம் ஏன் ஊதல?"

"மச்சான் சொன்னான்."

அதிகாரி அதை எழுதிக்கொள்ளக்கூட இல்லை. ஒரு வருஷத்துக்கு லைசென்ஸ் ரத்து.

வெளியே வந்ததும் ஷானா, "வழியில சொன்னீங்களே, உங்க வீட்டம்மா இந்த ஊர்லதானே இருக்காங்க? பார்த்துட்டுப் போகலாம், வாங்க," என்று அவளே கூட்டிப்போனாள்.

கிளெண்டா வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. பிறகு அவருடைய பேன்ட்டைப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு?"

"போச்சு கிளெண்டா. ஒரு வருஷம்." ஓரின் கட்டிலில் உட்கார்ந்தார். "அன்னைக்கு ஒரு தடவை ஊதித் தொலைச்சிருக்கலாம். என் புத்தி. உன்னை இப்படித் தனியா விட்டுட்டேன்."

அவள் அவர் தோளில் கை வைத்தாள். "போலீஸ் வரலேன்னா கிடைச்சிடும்னியே?"

"நம்ம நேரம். பாதி நாள் வராதவங்க இன்னைக்குன்னு வந்துட்டாங்க. விதின்னு ஒண்ணு இருக்குல்ல?"

வாசலில் நின்ற ஷானா கூச்சத்தோடு சிரித்தாள்.

"இன்னைக்கு விசாரணைங்கிறதையே நான் சுத்தமா மறந்துட்டேம்மா. லீவு நாளாச்சேன்னு தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டிருந்தேன், சார்தான் ரோட்டுல மறிச்சு ஞாபகப்படுத்தினாரு."