அனுப்புநர்: மிளகு

மூன்றாவது முறையாகவும் மைக்ராஸ்கோப்பில் பூச்சி முட்டை தெரிந்தது.

"இருக்கு சார்," என்றார் நாய் டாக்டர், கண்ணை எடுக்காமலே. "போன தடவையை விட ஜாஸ்தி."

விலாசத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. விலாசம் என்பது அவர் பெயரல்ல. தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கும் மேஜையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவருக்கு, உடன் வேலை பார்க்கிறவர்கள் வைத்த பட்டம். கோழி கிளறிய மாதிரி எழுதிய முகவரியாக இருந்தாலும் ஒரு பார்வை பார்த்துச் சரியான அறையில் போட்டுவிடுவார். தன் கையால் ஒரு கடிதம்கூட இடம் மாறிப் போனதில்லை என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார். மற்றவர்களும் வேறு வழியில்லாமல் கேட்டுக்கொள்வார்கள்.

அதே கையால்தான் சாம்பிள் பாட்டிலிலும் சீட்டு எழுதி ஒட்டியிருந்தார். அனுப்புநர்: மிளகு, வயது நான்கு மாதம். பெறுநர்: டாக்டர். எடுத்த இடம்: எலுமிச்சை மரத்தடி. எடுத்த நேரம்: காலை ஆறு மணி.

மிளகு, குட்டியின் பெயர். கறுப்பாக, உருண்டையாக இருந்ததால் மகள் வைத்தது. வீட்டுக்கு வந்த முதல் வாரமே அதன் வயிற்றிலிருந்து நூல் நூலாகப் புழு விழுந்தது. மாத்திரை கொடுத்தார்கள், நின்றது. எதற்கும் ஒரு மலச் சாம்பிள் கொண்டுவாருங்கள், பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். அன்றைக்குப் பிடித்த தலைவலி இன்னும் விட்டபாடில்லை.

"மாத்திரை மேல தப்பில்ல சார்," என்று டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "வளர்ப்புதான் எல்லாம். இதோ நம்ம துரையைப் பாருங்க."

துரை, டாக்டர் வளர்க்கும் நாய். மேஜைக்கடியில் கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தது. எட்டு வருஷமாக அதற்கு ஒரு பூச்சி மாத்திரைகூடக் கொடுத்ததில்லையாம். வேண்டுமானால் தன் வீட்டுத் தோட்டத்தை வந்து பார்க்கலாமாம், ஒரு பொட்டு அசிங்கம் இருக்காதாம். அத்தனை கட்டுப்பாடு. இப்படி வளர்த்தால் பூச்சி எங்கிருந்து வரும் என்று டாக்டர் கேட்டார். துரை தலையைத் தூக்கி, ரொம்ப நாள் பழகியவரைப் பார்ப்பது போல விலாசத்தைப் பார்த்து வாலை ஆட்டியது.

மூலையில் கம்பவுண்டர் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டால் ஒழிய வாய் திறக்காத மனிதர். எதையோ சொல்ல வருவது போலத் திரும்பினார், டாக்டர் ஒன்றும் கேட்காததால் மறுபடியும் பாட்டில் பக்கமே திரும்பிக்கொண்டார்.

டாக்டரின் வீடும் மருத்துவமனையும் ஒன்றுதான், விலாசத்தின் வீட்டுக்கு நேர் பின்தெருவில். சுவர் ஏறிக் குதித்தால் அரை நிமிஷம். மரியாதையாகப் போனால் தெருவைச் சுற்றிக்கொண்டு பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தார்.

"மறுபடியுமா?" என்றாள் மனைவி.

அவள் கவலைப்பட்டதிலும் நியாயம் இருந்தது. ஒன்பது வயது மகள் குட்டியைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள். ஒரே தட்டில் இருவரும் ரொட்டி தின்பதை மனைவியே கண்ணால் பார்த்திருக்கிறாள்.

ஆகவே டாக்டர் சொன்னபடி முதலில் குடும்பத்தோடு பூச்சி மாத்திரை விழுங்கினார்கள். மாத்திரை சுலபமாக இறங்கிவிட்டது. மனைவி பார்த்த பார்வைதான் விலாசத்தின் தொண்டையில் நின்றது.

அடுத்து, குட்டி படுத்தது, புரண்டது, முகர்ந்தது என்று எதையும் விடாமல் கொதிக்கிற தண்ணீரில் முக்கினார். குட்டி போன வாரம் பத்து நிமிஷம் படுத்திருந்த பாவத்துக்கு மனைவியின் கம்பளிச் சால்வையும் உள்ளே போனது. வெளியே வரும்போது அது மகளின் பொம்மைக்குப் போர்த்தும் அளவுக்கு வந்துவிட்டிருந்தது.

இதற்குள் மாத்திரையைக் கண்டாலே மிளகு கட்டிலுக்கடியில் போய் ஒளியக் கற்றுக்கொண்டுவிட்டது. வெண்ணெய் தடவி வைத்தால் வெண்ணெயை நக்கிவிட்டு மாத்திரையை மட்டும் செருப்புக்குள் துப்பிவைக்கும். எப்படியோ வாயைப் பிளந்து உள்ளே தள்ளினார்.

மருந்து உள்ளே போகிறது, முட்டை மட்டும் குறையவில்லை. அப்படியானால் குற்றம் மண்ணில்தான் என்று அவருக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியும் கையுமாக எலுமிச்சை மரத்தடியில் இறங்கினார். ஒரு முழம் தோண்டியதும் தண்ணீர்க் குழாய் வெட்டுப்பட்டது. இரண்டு நாள் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மூன்றாம் நாள் பள்ளத்தை மூடி, மேலே மெத்தை போலப் புது மணல் பரப்பினார்.

அதற்கு மறுநாள் காலை பார்த்தால், ஒரு குவியல் இருந்த இடத்தில் இரண்டு இருந்தன.

"ஏங்க, இத்தினிக்கூண்டு குட்டி இவ்வளவா போகும்?" என்று மனைவி ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"பூச்சி இருந்தா அப்படித்தானாம். டாக்டர் சொல்லிட்டாரு."

பின்கதவின் அடிப்பலகை உடைந்திருந்ததால் மிளகு நினைத்த நேரத்தில் தோட்டத்துக்குப் போய்வரும். ஆறு மணிக்கு விலாசம் கரண்டியும் பாட்டிலுமாகக் கிளம்பும்போது அது பெட்டிக்குள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும். வேலையை முடித்துவிட்டு வந்து படுத்துவிட்டது, நம் வீட்டுக் குட்டி அல்லவா என்று அவருக்கு அதில்கூட ஒரு பெருமை.

நான்காவது சாம்பிளிலும் முட்டை இருந்தது.

மனைவி தன் தம்பிக்குப் போன் செய்தாள். ஊருக்கு வெளியே பட்டறை வைத்திருக்கும் தம்பிக்குக் காவலுக்கு நாய் வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. ஒரு மணி நேரத்தில் வண்டியில் கூடையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் கட்டாம வெச்சிருக்கேன் மாமா. அதுக்குள்ள குணமாக வழி கிடைச்சா சொல்லுங்க. அப்புறம் சங்கிலி போட்டுப் பழக்கிடுவேன், திருப்பிக் கேக்கக் கூடாது."

மகள் கூடையின் கைப்பிடியை விடவில்லை. விலாசம்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார். தூங்கப் போகும்வரை அவள் அவரோடு பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. நாய்க்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்த விலாசத்துக்கும் கண் கலங்கிவிட்டது. காலைச் சுற்றி வர யாருமில்லாமல் வீடே வெறிச்சோடிக் கிடந்தது.

மறுநாள் காலை பழக்க தோஷத்தில் கரண்டியும் பாட்டிலுமாகத் தோட்டத்துக்கு வந்துவிட்டார். வந்த பிறகுதான் குட்டி இல்லை என்பது உறைத்தது. சரி, வந்தது வந்தாயிற்று என்று எலுமிச்சை மரத்தடியை எட்டிப் பார்த்தார்.

இருந்தது. புதுசாக, இன்னும் ஆவி பறந்துகொண்டு.

விலாசம் குனிந்து சாம்பிள் எடுத்தார், சீட்டை எடுத்தார், பேனாவைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக அந்தக் கை தயங்கியது. கடைசியில், 'அனுப்புநர்: தெரியவில்லை' என்று எழுதினார்.

தெருவைச் சுற்றிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார். குட்டி நேற்றே போய்விட்டது, இன்றைக்கும் மரத்தடியில் இருக்கிறது என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னதும் டாக்டரும் பரபரப்பானார். பாட்டிலைப் பிடுங்காத குறையாக வாங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

"அதே முட்டை. அதே பூச்சி," என்று நிமிர்ந்தார். "அப்போ இத்தனை நாளும் நாம பார்த்தது உங்க குட்டியோடதே இல்ல சார். எவனோ அவன் நாயை உங்க வீட்டுக்குள்ள விட்டிருக்கான்."

விலாசத்துக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. போனை எடுத்து, குட்டிக்குச் சங்கிலி போட வேண்டாம், சாயங்காலம் நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மச்சானிடம் சொல்லி முடித்தார்.

டாக்டருக்கோ கோபம் தலைக்கேறிவிட்டது. தன் நாய்க்கு ஒழுங்காக மருந்து கொடுக்கத் துப்பில்லை, அடுத்தவன் தோட்டத்தைக் கழிவறையாக்குகிறான், ஒரு பச்சைக் குட்டி வாரக்கணக்கில் மாத்திரை விழுங்கியிருக்கிறது, இப்படிப்பட்ட பொறுப்பில்லாத ஜென்மங்கள் நாய் வளர்க்கவே கூடாது, ஆளைப் பிடித்துத் தெருவில் நிறுத்திக் கேட்க வேண்டும் என்று அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மேஜைக்கடியில் துரை கொட்டாவி விட்டது.

"யோவ் கம்பவுண்டர், நீதான் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து நடமாடுற ஆளு. அந்தப் பக்கம் எந்த வீட்டு நாய் போகுதுன்னு உனக்குத் தெரியுமா?"

கம்பவுண்டர் பாட்டிலைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும் டாக்டர். நம்ம தோட்டத்துல ஒரு பொட்டு அசிங்கம் இருக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னதுலேர்ந்து, நான்தான் தினம் அஞ்சே முக்காலுக்குப் பின்சுவர் ஓட்டை வழியா துரையை அந்தப் பக்கம் அனுப்பி வைக்கறேன்."