நூத்தியொண்ணு கேட்ட அடையாளம்

“உங்க வீட்டுக்கு அடையாளம் என்ன?” மூன்று வருடங்களாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. எம்.எஸ்ஸி. முடித்த எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை.

கேட்டவர் எதிர்வீட்டுக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூர் தீயணைப்பு நிலையத்தில் வேலை. ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு அவர் பெயர் நூத்தியொண்ணு. தீயைக் கண்டு பயப்படாதவர்கள் உலகத்தில் உண்டு. தீயே பயப்படுகிற மனிதர் இவர் ஒருவர்தான். எங்கள் தெருவில் கற்பூரம்கூடத் தயங்கித் தயங்கித்தான் எரியும்.

பணி இல்லாத நாட்களில் வீடு வீடாகப் பார்வையிடுவார். காஸ் குழாயில் அச்சிட்ட தேதியைப் படிப்பார். மாடிப்படியை மறித்து சைக்கிள் நிறுத்தியவரிடம் கொலைக் கேஸ் போல விசாரணை நடக்கும். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் நோட்டு எடுத்து எழுதிக்கொள்வேன். குழந்தை பிறந்ததிலிருந்து எனக்கும் எதைப் பார்த்தாலும் பயம். பயப்படுவதற்கு அவருக்குச் சம்பளம் உண்டு, எனக்கு இல்லை. அவர் சொன்னார் என்று சிலிண்டரை வெளியே வைத்து, சுவரைத் துளைத்துக் குழாய் போட்டோம்.

“ஏட்டி, அந்தாளு சொன்னா வீட்டையே வெளிய வைப்பியா?” என்றார் கணவர்.

துறை இயங்கும் விதத்தையும் நூத்தியொண்ணுவே பாடம் எடுப்பார். “நிலைய அலுவலர் உத்தரவு போடணும், டிரைவர் வண்டிய எடுக்கணும், போன எடத்துல ஆளுகளப் பிரிச்சு விடணும். ஆனா மொதல்ல போன எடுக்குறவன் அடையாளத்தக் கேட்டு எழுதணும், தாயி. இல்லாட்டி அம்புட்டு பேரும் தெருத்தெருவாச் சுத்தணும்.”

“உங்க வீட்டுக்கு எதிர்வீடுன்னு சொல்லுவேண்ணே.”

“வண்டில வாரவனுக்கு என் வீடு தெரியுமா? செல்லாது. கோயிலு, பள்ளிக்கூடம், மில்லுன்னு சொல்லணும்.”

எங்கள் தெருவில் இவை எதுவும் இல்லை.

போன வருடம் ஒரு காலை. அடுப்பில் பால். துண்டு எடுக்க நான் வெளியே வந்த நொடியில், இரண்டரை வயது மகள் சமையலறைக் கதவைச் சாத்திக் கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள். அதைக் கழற்றும்படி நூத்தியொண்ணு இரண்டு முறை சொல்லியிருந்தார். இரண்டு முறையும் நோட்டில் எழுதியிருந்தேன்.

நம் தெரு ராஜபாளையம் நிலையத்தின் எல்லைக்குள் வருகிறது, 101ஐத்தான் அழைக்க வேண்டும் என்பதும் அதே நோட்டில் இருந்தது. என் விரலோ அவருடைய நிலையத்தின் எண்ணை அழுத்தியது. எடுத்தது அவரேதான்.

“அண்ணே, பாப்பா அடுப்படிக்குள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. அடுப்பு எரியுது.”

“மொதல்ல வெளிய போயி சிலிண்டர மூடுங்க. போன வைக்காதிய.”

ஓடிப்போய் மூடினேன். “மூடிட்டேன்.”

“பேரு?”

“அண்ணே, நான்தான்.”

“பேரு சொல்லுங்கம்மா.”

சொன்னேன். தெருவையும் சொன்னேன்.

“அடையாளம்?”

“உங்க வீட்டுக்கு எதிர்வீடுண்ணே,” என்று அழுதேன்.

செல்லாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். “ராஜபாளையம் வண்டிய அனுப்பச் சொல்லுதேன். கதவுகிட்டயே நின்னு பாப்பாகிட்ட பேசிக்கிட்டே இருங்க.” வைத்துவிட்டார்.

வண்டி எங்கும் தடுமாறாமல் நேராக எங்கள் வாசலில் வந்து நின்றது. கயிறும் கடப்பாரையுமாக ஆறு பேர் இறங்கினார்கள். சைரன் சத்தம் கேட்டதும் என் மகள், வண்டி பார்க்கிற ஆசையில், தாழ்ப்பாளைத் தானே நீக்கிக்கொண்டு வந்தாள். வாயெல்லாம் சர்க்கரை. கடப்பாரை வைத்திருந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டார்.

“வீட்ட எப்படிண்ணே கண்டுபிடிச்சிய?”

“நூத்தியொண்ணு வீட்டுக்கு எதிர்வீடுன்னு அவரே சொன்னாரும்மா. அவரு வீடு எங்களுக்குத் தெரியாதா? வார வழியில நாலு போனு வேற. எம்புட்டு தூரம் போயிருக்கிய, பாப்பா அழுவுதாளான்னு. நாங்க வேலையப் பாக்கவா, அவருக்குப் பதில் சொல்லவா?”

மறுநாள் நூத்தியொண்ணு ஸ்க்ரூடிரைவரோடு வந்தார். தாழ்ப்பாளைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “இப்பவாவது அடையாளம் யோசிச்சியளா?” என்று மட்டும் கேட்டார்.

போன மாதம் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் இப்போது ஒரு வங்கி ஊழியர் இருக்கிறார். நேற்று கூரியர்காரர் போனில் அடையாளம் கேட்டார். “நூத்தியொண்ணு வீட்டுக்கு எதிர்வீடு” என்றேன். நேராக வந்துவிட்டார்.

ஊரில் இல்லாத ஒரு மனிதரை அடையாளமாகச் சொல்வது செல்லுமா? வேறு ஏதாவது சொல்லலாம்தான், மனம் வரவில்லை. நான் என்ன செய்ய? வாசகர்கள் யாராவது ஒரு யோசனை சொல்லுங்கள்.