மூன்றாம் மாடி வனவாசம்

பால்கனிக் கதவு படாரென்று சாத்திக்கொண்டபோது எழுத்தாளரின் கையில் ஒரு நீலச் சட்டை இருந்தது. வாயில், மகளைப் பற்றிய ஒரு திட்டு பாதியில் இருந்தது.

திட்டை முழுசாக முடித்துவிட்டுத்தான் கதவைத் தள்ளினார். அசையவில்லை. தோளால் இடித்தார். தோள்தான் வலித்தது.

"காத்துக்குக்கூட இன்னைக்கு என் மேல கோபம்!" என்று கதவை ஓர் உதை விட்டார். காலும் வலித்தது.

கைக்கடிகாரத்தில் மணி ஒன்பது நாற்பது. பள்ளிக்கூடத்து பஸ் பதினொன்றரைக்குக் கிளம்புகிறது. அதற்குள் அவர் அங்கே போய், தலைமையாசிரியை முன்னால் நின்று, காட்டு முகாமுக்குப் போகிற பிள்ளைகளின் பட்டியலிலிருந்து தன் மகளின் பெயரை அடித்தாக வேண்டும். போன் வீட்டுக்குள் இருந்தது. சாவியும் உள்ளேதான். மனைவி வங்கிக்குக் கிளம்பி அரை மணி நேரமாகிவிட்டது. வாசல் கதவு சாத்தப்பட்ட சத்தத்தை அவர் காதாலேயே கேட்டிருந்தார்.

எழுத்தாளர் என்றால் சாதாரண எழுத்தாளர் இல்லை. சிறுவர்களுக்காகப் பதினொரு சாகசக் கதைகள் எழுதியவர். பதினொன்றிலும் கதாநாயகி ஒருத்திதான்: சுள்ளி. முதல் புத்தகத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வயது. பதினொன்றாவது புத்தகத்திலும் பன்னிரண்டேதான். ஒவ்வொரு தடவையும் விமானம் விழும், அல்லது படகு கவிழும், ஒரு தடவை பலூன் வெடித்தது. சுள்ளி தன்னந்தனியாக நடுக்காட்டில் போய் விழுவாள். கையில் ஒரு கத்தி, பாதிப் போர்வை. நாற்பது நாள் கழித்துச் சிரித்துக்கொண்டே வெளியே வருவாள். அவளைப் பெற்றவர்கள் அதுவரை அழுதுகொண்டிருப்பார்கள். எழுத்தாளர் அவர்களுக்கு அதற்கு மேல் வேலை கொடுத்ததில்லை.

முகாம் விஷயம் முந்தின நாள் சாயங்காலம்தான் அவர் காதுக்கு வந்தது. அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, மூட்டை முடிச்சையெல்லாம் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டு வந்து, மகள் போகிற போக்கில் சொன்னாள்.

"மூணே நாள்தாம்ப்பா. நாலு டீச்சர் வர்றாங்க, ஒரு டாக்டர் வர்றாரு, வனத்துறை ஆள் ரெண்டு பேர் வர்றாங்க."

"பாம்பு வருமா, வராதா?"

"வந்தா சுள்ளி மாதிரி கம்பால தள்ளி விடுவேன்."

"அவ கதையில இருக்காடி!"

"அவளுக்குப் பன்னெண்டு. எனக்குப் பதினஞ்சு."

"அவளுக்கு ஒண்ணும் ஆகாது. நான் பாத்துக்குவேன். காட்டுல உன்னை யாரு பாத்துப்பா?"

"நான்தான்! பதினோரு புத்தகத்துல நீங்க எழுதினது அதுதானே? இல்ல, அத்தனையும் பொய்யா?"

பொய் என்ற அந்த ஒரு சொல்தான் எழுத்தாளரின் உச்சந்தலைக்கு ஏறியது. "நாளைக்கு நானே வந்து உன் பேரை அடிக்கிறேன்" என்று மேஜையில் குத்தினார். மகள் தன் அறைக் கதவை அறைந்து சாத்தினாள். காலையில் அவர் முகத்தைப் பார்க்காமலேயே பள்ளிக்கூடம் போனாள்.

மனைவியோடும் ஒரு பாட்டம் சண்டை போடத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் அவள், "சரிங்க, உங்க இஷ்டம். போய்ச் சொல்லிட்டு வாங்க" என்று முடித்துவிட்டாள். பதினெட்டு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதே இல்லை. எழுத்தாளருக்கு அதிலும் கோபம். எடுத்து வைத்திருந்த வசனமெல்லாம் வீணாகிவிட்டதே! கிளம்பும்போது, "அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போங்க. பால்கனியில காயுது" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

இப்போது அந்த நீலச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, பனியனும் பேன்ட்டுமாக, அவர் கீழே எட்டிப் பார்த்தார். மூன்றாவது மாடி. வாசலில் காவலாளி காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

"யோவ்! மேல பாருய்யா!"

காவலாளியின் கால் தாளம் போட்டது. தலை நிமிரவில்லை.

பதிலுக்கு இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து ஒரு தலை நீண்டது. வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கும் டீச்சர். எழுத்தாளரின் பூந்தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று மூன்று வருஷமாக அவர்களுக்குள் பேச்சுவார்த்தை சரியில்லை.

"என்ன சத்தம் அங்க?"

கதவு சாத்திக்கொண்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாற்பது நாள் காட்டில் பிழைக்க வழி சொல்லுகிறவர் தன் வீட்டு பால்கனியில் மாட்டிக்கொண்டார் என்று இந்த அம்மாளிடமா சொல்வது? நாளைக்கு டியூஷன் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

"ஒண்ணுமில்ல டீச்சர். தொண்டையைச் சரி பண்ணிக்கிட்டேன்."

"கொஞ்சம் மெதுவா சரி பண்ணுங்க. விடைத்தாள் திருத்திட்டு இருக்கேன்."

தலை உள்ளே போனது.

எழுத்தாளர் யோசித்தார். மூன்றாவது புத்தகத்தில் சுள்ளி ஒரு தகரத் துண்டைச் சூரியனுக்குக் காட்டி, எட்டு மைல் தள்ளிப் போன கப்பலைத் திருப்புவாள். தொட்டிக்கு அடியில் ஒரு எவர்சில்வர் தட்டு இருந்தது. எடுத்துத் துடைத்தார். வெயிலில் சாய்த்துப் பிடித்தார். ஒளி பளீரென்று கிளம்பிப் போய், காவலாளியைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் விழுந்தது. கடைசியில், ஸ்கூட்டரில் பார்சல் கொண்டுவந்த ஒரு ஆளின் கண்ணில் நேராக விழுந்தது. அவன் கண்ணைப் பொத்தினான். ஸ்கூட்டர் போய்க் காவலாளியின் நாற்காலியில் மோதியது. காவலாளி விழித்துக்கொண்டார். தரையில் கிடந்தபடி.

"எவன்டா அது!" என்று பார்சல்காரன் மேலே பார்த்தான்.

எழுத்தாளர் மகிழ்ச்சியாகத் தட்டை ஆட்டினார். "இங்கதான்! மேல வாங்க!"

"மேலயா கூப்புடுற? வர்றேன்டா, இரு!"

வந்தான். வீட்டு வாசலில் அழைப்புமணி விடாமல் அலறியது. எழுத்தாளர் கதவோடு வாயை வைத்து, "உடைச்சுக்கிட்டு உள்ள வாய்யா!" என்று கத்தினார். மணி ஓய்ந்தது. ஐந்து நிமிஷத்தில் பார்சல்காரன் மறுபடி கீழே நின்றான்.

"உள்ள ஆள் நடமாடுற சத்தம் நல்லாக் கேக்குது. கதவைத் திறக்க மட்டும் தைரியம் இல்ல!" என்று காவலாளியிடம் முறையிட்டான். "பெரிய மனுஷனாம்!"

எழுத்தாளர் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஸ்கூட்டர் போய்விட்டது. காவலாளி நாற்காலியின் உடைந்த காலை மேலே உயர்த்திக் காட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்காதவரின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், மறுபடி காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, முதுகைத் திருப்பிப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

பத்து இருபது.

எழுத்தாளரின் கோபம் இப்போது மகளை விட்டு, கதவு செய்த தச்சனிடம் போய், வீட்டுச் சொந்தக்காரரிடம் போய், கடைசியில் சுள்ளியிடம் வந்து நின்றது. நான்காவது புத்தகத்தில் அவள் கொடிகளை முறுக்கிக் கயிறாக்கி அருவியில் இறங்குவாள். அந்தக் கயிற்றில் அவள் போட்ட முடிச்சுக்கு எழுத்தாளர் 'சுள்ளி முடிச்சு' என்று பெயரே வைத்திருந்தார். அதை எப்படிப் போடுவது என்று கேட்டு எத்தனையோ பிள்ளைகள் கடிதம் எழுதியிருந்தார்கள். 'பழகப் பழக வரும்' என்று எல்லோருக்கும் பதில் போட்டிருந்தார்.

கொடியில் இரண்டு போர்வைகளும் ஒரு துண்டும் இருந்தன. தோளில் சட்டை. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினார். இரண்டாம் மாடி பால்கனி வரைக்கும் எட்டும். டீச்சர் கண்ணில் படாமல் அவர்கள் வீட்டு வழியாக நழுவிவிடலாம் என்பது திட்டம். பாரம் தாங்குமா என்று பார்க்க, முதலில் ஒரு பூந்தொட்டியைக் கட்டி இறக்கினார்.

சுள்ளி முடிச்சு அவிழ்ந்தது.

இரண்டாம் மாடியில் 'டமார்' என்று ஒரு சத்தம்.

"முப்பத்தாறு விடைத்தாள்!" டீச்சர் அலறினார். "முப்பத்தாறு பேரோட விடைத்தாள்லயும் மண்ணு! கீழ இறங்கி வாங்க!"

"அதுக்குத்தான் டீச்சர் ஒரு மணி நேரமா பாடுபடுறேன்!"

டீச்சர் தலையை நீட்டி மேலே பார்த்தார். தொங்குகிற போர்வையைப் பார்த்தார். பனியனைப் பார்த்தார்.

"கதவு சாத்திக்கிச்சா?"

"... ஆமா."

"அதை அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? தொண்டையைச் சரி பண்ணினாராம்! உங்க வீட்டம்மா நம்பரைச் சொல்லுங்க."

எழுத்தாளர் யோசித்தார். முதல் இரண்டு எண்கள் வந்தன. மூன்றாவது, ஏழாகவும் இருக்கலாம், ஒன்றாகவும் இருக்கலாம்.

"போன்ல பேரைப் போட்டு வச்சிருக்கேன். நம்பர்..."

"உங்க சுள்ளி காட்டுல நூறு செடி பேரை மனப்பாடமா ஒப்பிக்கிறா. உங்களுக்குப் பொண்டாட்டி நம்பர் தெரியாது!"

"நீங்க என் புத்தகமெல்லாம் படிப்பீங்களா?"

"படிக்காம? கணக்கு நோட்டுக்குள்ள ஒளிச்சு வச்சுப் படிக்கிற கழுதைங்ககிட்ட இருந்து பிடுங்கி வச்சிருக்கேனே, ஒரு அலமாரி நிறைய!"

எழுத்தாளர் மானத்தை மூட்டை கட்டி வைத்தார். "டீச்சர், என்னைப் பத்தி விடுங்க. என் பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு ஒரு போன் போடுங்க. அவளை பஸ்ல ஏத்த வேண்டாம்னு சொல்லணும். காட்டு முகாமுக்குக் கூட்டிட்டுப் போறாங்க."

டீச்சர் கையிலிருந்த போனைத் தாழ்த்தினார்.

"யாரு அனுப்ப மாட்டேங்குறது? நீங்களா?"

"ஆமா."

"ஊரார் வீட்டுப் பிள்ளைங்களையெல்லாம் காட்டுக்குப் போ, மலைக்குப் போன்னு கிளப்பி விட்டவரு நீங்க. சொந்தப் பொண்ணு பஸ்ல ஏறக் கூடாதா?"

"அது கதை டீச்சர்! இது என் பொண்ணு! ஒரு தடவை ஜுரம் வந்தாலே நான் மூணு நாள் சாப்பிட மாட்டேன். உங்களுக்கு என்ன தெரியும்?"

கத்தினாரே தவிர, கடைசிச் சொல்லில் குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. டீச்சர் போனில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார். அப்புறம், "பள்ளிக்கூடத்துக்கு நான் போன் பண்ண மாட்டேன். தீயணைப்பு வண்டிக்கு வேணும்னா பண்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பத்து ஐம்பத்தைந்து. வண்டி வருகிற வழியாக இல்லை. எழுத்தாளர் பல்லைக் கடித்துக்கொண்டு கம்பித் தடுப்பின் மேல் ஒரு காலைப் போட்டார். மற்றக் காலைத் தூக்குவதற்குள், தடுப்பின் உச்சியில் இருந்த ஈட்டி மாதிரியான கம்பி பெல்ட்டுக்குள் நுழைந்துகொண்டது. முன்னால் போக முடியவில்லை. பின்னால் வரவும் முடியவில்லை. ஒரு கால் வீட்டிலும் ஒரு கால் ஆகாயத்திலுமாக உட்கார்ந்திருந்தார்.

இந்த இடத்தில் சுள்ளி என்ன செய்வாள் என்று யோசித்துப் பார்த்தார். இந்த மாதிரி இடத்தில் அத்தியாயம் முடிந்துவிடும். அடுத்த அத்தியாயத்தில் அவள் தரையில் இருப்பாள்.

தெருவில் கூட்டம் சேர்ந்தது. டீச்சரின் டியூஷன் பிள்ளைகளில் ஐந்தாறு பேர் எங்கிருந்தோ முளைத்தார்கள். "சுள்ளி மாமாடா!" என்று ஒருத்தி கத்தினாள். "கையை விட்டுட்டுக் குதிங்க மாமா! ஆறாவது புத்தகத்துல அப்படித்தான்!"

"ஆறாவது புத்தகத்தைக் கொளுத்திப் போடு!" என்றார் எழுத்தாளர்.

பதினொன்று பத்துக்கு வண்டி வந்தது. ஏணி மெல்ல மெல்ல நீண்டு, தீயணைப்பு அதிகாரியை அவர் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தியது. அதிகாரி அவர் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க சார். பெல்ட்டை அறுத்தா இறக்கிடலாம்."

"என்னை இறக்க வேண்டாம்! கதவை உடைச்சு என் போனை எடுத்துக் குடுங்க! இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு!"

"எதுக்கு சார் இருபது நிமிஷம்?"

"என் பொண்ணைக் காப்பாத்த!"

அதிகாரியின் முகம் மாறியது. கீழே குனிந்து, "பொண்ணு ஆபத்துல இருக்காம்! ஓடு! வாசல் கதவை உடை!" என்று கத்தினார். ஒரு இளம் வீரர் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு படியேறி ஓடினார். கூட்டம் மூச்சுவிடாமல் நின்றது. எழுத்தாளர் பால்கனிக் கதவையே வெறித்துப் பார்த்தார். கதவு உடையும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

சத்தமே கேட்கவில்லை. பதினொன்று இருபது. பதினொன்று இருபத்தைந்து.

இளம் வீரர் வாசல் வழியாக வெளியே வந்தார். கடப்பாரையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, உதட்டைத் துடைத்தபடி, யார் முகத்தையும் பார்க்காமல் ஏணிக்கு அடியில் வந்து நின்றார்.

"என்னய்யா, உடைச்சியா இல்லையா?" என்று மேலிருந்து அதிகாரி உறுமினார்.

"உடைக்க வேண்டி வரல சார். கடப்பாரையைத் தூக்குறதுக்குள்ள ஒரு அம்மா திறந்து, உக்கார வச்சு, தண்ணி குடுத்தாங்க. பேங்க்குக்கு லீவு போட்டுட்டு, பால்கனிக் கதவுக்கு அவங்கதான் தாழ்ப்பாள் போட்டாங்களாம். பஸ் கிளம்பிடுச்சுன்னு பொண்ணு போன் பண்ணினதும் திறக்குறாங்களாம், அதுவரைக்கும் சாரைக் கெட்டியாப் பிடிச்சுக்கச் சொன்னாங்க!"