இளவரசி தல்மா திரும்பி வராத விவகாரம்

என் கண்ணின் ஒளியான சவ்சனுக்கு,

இர்பிதிலிருந்து உன் பாபா எழுதுவது. நீயும் ராட்டர்டாம் மழையும் சுகம் என்று நம்புகிறேன். முழங்கால்கள் நீங்கலாக, இறைவன் அருளால் நானும் உன் அம்மாவும் இங்கே நலம். முதலில் ஒரு மானக்கேடு. வெள்ளிக்கிழமை காலை ஊர்ப் பெரியவர்கள் சபை நம் கூடத்தில் அமர்ந்திருக்க, நான் ஒரு கன்னம் மழித்து, ஒரு கன்னம் மழிக்காமல், பல்வலிக்காரன் போல முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றேன். உன் அத்தை மூலமாகக் கேட்டால் மீசையும் பாதிதான் இருந்தது என்பாள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். இன்னும் இரண்டு வருடம் அங்கேயே வேலை பார்க்க ஒப்பந்தம் தருகிறார்கள், கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டாயே, அதற்கும் பதில் கீழே வருகிறது. போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் அம்மா பக்கத்தில் நின்று என் வாக்கியங்களைத் திருத்துகிறாள்.

நீ விட்டுப்போன நான்கு தடிப் புத்தகங்களையும் உன் அறையில் உட்கார்ந்தே படித்து முடித்தேன். கார் இருக்கைக்கு உறை தைக்கிறவனுக்கு அது லேசுப்பட்ட காரியமில்லை. மந்திரவாதிகளின் பெயர் மனதில் நிற்காததால் எல்லாரையும் ‘தாடிக்காரன்’ என்றே வைத்துப் படித்தேன். அந்தக் கதையையே டிவியில் தொடராக எடுத்ததும் வியாழன்தோறும் அபூ காலிபின் சலூனில் கூடிப் பார்த்தோம். போன வியாழன் கடைசிப் பாகம். அவர் என் ஒரு கன்னத்தை முடித்து மறு கன்னத்தில் நுரை தடவும்போது, இளவரசி தல்மா கடலுக்கு அப்பாலுள்ள தீவிலேயே அரசியாக இருந்துவிடுகிறேன் என்கிறாள், பாட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள்! புத்தகத்தில் அவள் பறவையேறி அப்பாவின் கோட்டைக்கு வந்துவிடுகிறாளே!

“இது மோசடி! புத்தகத்துல அவ திரும்பி வர்றா!” என்று நுரையோடு எழுந்தேன்.

“புத்தகத்துல அந்தப் பறவைக்கு ரெண்டு தலை. செலவு கட்டுப்படியாகலன்னு ஒண்ண வெட்டிட்டாங்க. அப்ப சும்மாதான இருந்தீங்க, அபூ சவ்சன்?” என்று, சவ்சனின் அப்பா என்ற என் பட்டப்பெயரைச் சொல்லியே மடக்கினார் அபூ காலிப்.

“தலை போனாப் போகுது. மக வரணும்ல?”

“அவளுக்கு அங்க ஒரு ராஜ்ஜியமே கெடக்கு. இங்க வந்து என்ன பண்ணுவா? அப்பனுக்குக் கால் அமுக்கி விடுவாளா?”

மூன்று மகன்களையும் ஒரே தெருவில் குடிவைத்திருக்கிற மனிதர் பேசுகிற பேச்சா இது! இனி இந்தக் கடை வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் போட்டு வெளியேறினேன். தெரு திரும்பிய பிறகுதான் ஒரு கன்னத்தில் மட்டும் காற்று ஜில்லென்று அடித்தது. வீட்டில் மிச்சத்தை வழிக்கலாமென்றால், என் ரேசரை எடுத்து உன் அம்மா கம்பளிச் சட்டையின் முடிச்சுகளைச் சுரண்டியிருந்தாள்.

மறுநாள் காலை வாசலில் ஹாஜி முஃப்லிஹ் தலைமையில் கறுப்பு மேலங்கி போட்ட பெரியவர்கள் வரிசை. பெண் கேட்டு வருகிறவர்களைத் தவிர யார் அப்படி வருவார்கள்? உன் அம்மா காப்பி வைத்தாள். ஹாஜி கோப்பையை எடுத்து, குடிக்காமல் முன்னால் வைத்தார். “நாங்க கேட்டு வந்தது கெடைக்கிற வரைக்கும் இதத் தொட மாட்டோம், அபூ சவ்சன்.”

“குடிங்க ஹாஜி! கேட்டு வந்தது உங்களுக்குத்தான்!” என்றேன்.

“என்னன்னு நான் இன்னும் சொல்லவே இல்லியே?” என்றார். ஆனால் மற்றவர்கள் விவரமானவர்கள், நான் மனம் மாறுவதற்குள் மடமடவென்று குடித்துவிட்டார்கள். குடித்த பிறகுதான் தெரிந்தது, அபூ காலிபுக்காக சமாதானம் பேச வந்திருக்கிறார்கள். நான் சலூனுக்குப் போய், தல்மா அங்கேயே இருந்தது சரிதான் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டுமாம். காப்பி உள்ளே போனபின் பேச்சு மாறினால் பேரப்பிள்ளை காலம்வரை சொல்லிக்காட்டுவார்கள். போனேன்.

“அவ அங்க இருக்கறதுதான் நியாயம்,” என்றேன்.

“சத்தமா! பின்னாடி இருக்கவங்களுக்குக் கேக்கல!”

சத்தமாகவும் சொன்னேன். அபூ காலிப் என்னைக் கட்டிப்பிடித்து, நாற்காலியில் உட்காரவைத்து, மிச்சக் கன்னத்தை எடுத்தார். கூட்டம் கலைந்ததும் காதருகே குனிந்து, “புத்தகத்துல எப்படி வர்றா? சொல்லுங்க,” என்றார். சொன்னேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

ஆகவே மகளே, ஊரறிய ஒப்புக்கொண்டதையே உனக்கும் எழுதுகிறேன்: கையெழுத்துப் போடு. எங்களைப் பற்றி யோசிக்காதே, இங்கே பொழுது நன்றாகவே போகிறது. உன் அம்மாவின் முத்தங்கள், அத்தையின் புகார்கள், அபூ காலிபின் சலாம் எல்லாம் உனக்கு. உன் அடுப்பு அணையாமலும் உன் குடை கிழியாமலும் இறைவன் காப்பானாக.

உன் பாபா

பி.கு.: சபை போனபின் உன் அம்மா பிடித்துக்கொண்டாள். “பொண்ணு கேட்டுத்தான் வந்தாங்கன்னு நெனச்சீங்கள்ல? பையன் யாரு, என்ன வேலைன்னு கேக்காம, நம்ம பொண்ணையும் கேக்காம எப்படிச் சரின்னீங்க?” காப்பி ஆறுகிறதே என்று சொல்லிவிட்டேன் என்று மழுப்பினேன். அவளிடம் வாய்விட்டுச் சொல்லாதது இதுதான்: எவன் கேட்டு வந்தால் என்ன, மாட்டேன் என்று சொல்வதற்காவது நீ ஒருமுறை வீட்டுக்கு வந்தாக வேண்டுமே.