கழுத்தை நீட்டிய ஆமை

ஒரு காட்டில் ஒரு குட்டை இருந்தது. பங்குனி வெயில் குடித்தது போக, மிச்சமிருந்தது ஆழமான ஒரு மூலைதான். அதில் ஓர் உடம்புதான் முங்கலாம். சண்டையை விலக்கி விலக்கிச் சலித்துப்போன சிங்கராசா, "பௌர்ணமிக்குப் பௌர்ணமி மூணு சீட்டு ஆடுங்க. செயிச்சவனுக்கு அந்த மாசம் மூலை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

ஆடியது மூன்று பேர்: நாச்சிமுத்து என்கிற ஆமை, மயில்சாமி என்கிற நரி, பொன்னாத்தா என்கிற எருமை. பந்தயம் விளாங்காய். ஆட்டத்துக்கு ஒரு காயை நடுவில் வைத்துவிட்டுத்தான் சீட்டைத் தொட வேண்டும். பிடித்தால் மேலே கட்டலாம், பிடிக்காவிட்டால் வைத்த காயை விட்டுவிட்டுச் சீட்டைக் கவிழ்த்துவிடலாம்.

நாச்சிமுத்துவுக்கு முதுகு ஓடு வெடிக்க ஆரம்பித்திருந்தது. இந்த மாசம் தண்ணீர் கிடைக்காவிட்டால் பிளந்துவிடும். அதனால் அவன் விளையாட்டாக வரவில்லை. சுற்றுலாக்காரர்கள் விட்டுப்போன செல்போனில் ஒரு நிபுணர் பேசியதை முழுக்கக் கேட்டுவிட்டு வந்திருந்தான். "நல்ல சீட்டு வந்தால் மட்டும் ஆடு, மற்றதைக் கவிழ்" என்றார் நிபுணர்.

கவிழ்த்தான். மறுபடி கவிழ்த்தான். வைத்த காயெல்லாம் போய்க்கொண்டே இருந்தது.

"ஏனுங்ணா, ஆட வந்தீங்களா, காய் குடுத்துட்டுப் போக வந்தீங்களா?" என்றது நரி.

ஒருவழியாக மூன்று ராசா வந்தது. நாச்சிமுத்துவின் கழுத்து தன்னால் வெளியே நீண்டது. நரி அந்தக் கழுத்தைப் பார்த்தது, சீட்டைக் கவிழ்த்தது. எருமை நரியைப் பார்த்தது, அதுவும் கவிழ்த்தது.

"என்னப்பா, ரெண்டு பேரும் போயிட்டீங்க?"

"நீங்க அமாவாசைக்கு ஒருக்கா கடை தொறக்கறீங்க. தொறந்தன்னைக்கு உள்ள வர நாங்க என்ன கிறுக்கனுங்களாங்ணா?" என்றது நரி.

மூன்று ராசாவுக்கு இரண்டே காய். ஆமைக்கு வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றிலேயே ஒரு யோசனையும் பிறந்தது. இவர்கள் பயப்படுவது சீட்டுக்கு இல்லை, கழுத்துக்கு. அப்புறம் சீட்டு எதற்கு?

அடுத்த ஆட்டத்தில் ஒன்றுக்கும் ஆகாத சீட்டு. கழுத்தை நீட்டினான். நரி கவிழ்த்தது, எருமை கவிழ்த்தது. அதற்கடுத்தும் நீட்டினான். பொழுது சாய்வதற்குள் முதலில் நரியின் காய் தீர்ந்தது; அது வாலைச் சுருட்டிக்கொண்டு வளைக்குப் போய்விட்டது.

இரண்டு பேர் மிஞ்சினால் கடைசி ஆட்டம். காய் மொத்தமும் நடுவுக்கு வரும். கவிழ்ப்பவர் எழுந்து போக வேண்டியதுதான்.

நாச்சிமுத்துவுக்கு வந்தது ரெண்டு, நாலு, ஏழு. கவலையே படவில்லை. கழுத்தை அடிவேர் வரைக்கும் நீட்டி, "என்ன அம்மிணி, கவுத்தறதுதானே?" என்றான்.

பொன்னாத்தா இடப்பக்கம் பார்த்தாள். காலியாக இருந்தது. வாயில் கிடந்ததை நிதானமாக மென்று முடித்துவிட்டுச் சீட்டைத் திருப்பிப் போட்டாள். ரெண்டு, நாலு, எட்டு.

"எட்டை வச்சுக்கிட்டா நின்னே? ஏன் கவுக்கலே?"

"மயில்சாமி கவுத்தாத்தானுங்ணா நானும் கவுப்பேன். அவனைத்தான் காணமே" என்றாள். காயை எல்லாம் ஓட்டோடு தின்றுவிட்டு மூலையில் போய் இறங்கினாள். இருந்த தண்ணீரில் பாதி கரையேறிவிட்டது.

கரையில் அப்படிக் கிளம்பிய சேற்றை முதுகில் அப்பிக்கொண்டு, நாச்சிமுத்து நேராக நரி வளைக்குப் போனான்.

"மாப்ளே, அடுத்த பௌர்ணமிக்கு ஆட வா. உன் காயை நான் போடறேன். நீ கடைசி வரைக்கும் பொன்னாத்தா பக்கத்துல உட்கார்ந்திரு."

நரி கண்ணைத் திறக்காமலே கேட்டது: "வரலாமுங்ணா. கவுக்கறதுக்குக் கூலி என்ன தருவீங்க?"

நீதி: ஊரை ஏய்க்கக் கிளம்புகிறவன் புத்திசாலிகளை விரட்டிவிடக் கூடாது, ஏமாறத் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.