பொதியை அவிழ்க்க விடாதவர்

பொதி கட்டுகிறவர்கள் உண்டு, பொதி சுமக்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இப்போது சூரிச் பக்கம் பரவி வருகிறது. பொதிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி இந்த இனத்துக்குக் கவலையே கிடையாது. எப்படிக் கட்டியிருக்கிறது என்பதுதான் கவலை. முடிச்சுப் பண்டிதர் என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அவரைக் கண்டிருப்பீர்கள். ஓர்லிகோன் ட்ராம் தரிப்பில் ஊர்ச்சனம் எல்லாம் சொப்பிங் பாக்கோடு நிற்க, ஒருவர் மட்டும் நீலப் பூத்துணியில் முடிந்த எதையோ இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, அது என்னவென்று நீங்கள் கேட்கும்வரை காத்து நிற்பாரே, அவர்தான். கேட்காதீர்கள். கேட்டால் ட்ராம் போய்விடும்.

எங்கள் பண்டிதரின் பெயர் குகதாசன். ரெஸ்ரோறன்ற் குசினியில் வேலை. டொச் என்கிற ஜெர்மன் மொழி வகுப்பு முடிந்து வரும்போது பக்கத்து அறையில் ஒரு ஜப்பான் அம்மா சதுரத் துணியை மடித்து முடிந்து காட்டிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தார். அன்றைக்குப் பிடித்தது. ஃபுரோஷிகி என்று அதற்குப் பெயர். கலையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கத்தரிக்கோல் இல்லை, பசை இல்லை, ஒரே துணி போத்தலுக்குப் போத்தலாகவும் பூசணிக்காய்க்குப் பூசணிக்காயாகவும் வளைந்து கொடுத்து, அவிழ்த்தால் மறுபடி வெறும் துணியாகி மடியில் கிடக்கிற அழகைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு இளகிப்போகும். கொடுக்கிற பொருளுக்குச் செய்யும் மரியாதைதான் துணி என்று அந்த அம்மா முதல் நாளே சொன்னாவாம். எங்கள் ஆள் மரியாதையை மட்டும் எடுத்துக்கொண்டு, பொருளை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

பிறகு என்ன? சோற்றுப் பெட்டி, குடை, ரேடியோ, தலையணை, ஒன்றும் தப்பவில்லை. ஊரிலே மூட்டை தூக்குகிறவனைக் கண்டால் நாலு அடி தள்ளி நடந்த மனுசன், இங்கே மூட்டையோடு நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார். ஜப்பான் பெயர் வைத்தால் மூட்டைக்கும் சாதி உயர்ந்துவிடுமோ?

மனைவி புனிதவதி பாவம்.

"என்னப்பா, உப்புப் போத்தல் எங்கை?"

"உந்தப் பச்சைத் துணிக்குள்ளை. இழுக்காதையும், உதுக்கு ஒரு முறை இருக்கு."

"கறி அடிப்பிடிக்குதப்பா."

"முதல் முடிச்சின்ரை வலது காதை மெல்லமா எடும்."

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பண்டிதர்களுக்கு உதவி செய்யும் பழக்கம் வேறு இருக்கிறது.

சிறீதரனும் அவன் மனைவி செல்வராணியும் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். குசினி இன்னும் மூன்று குடும்பத்தோடு பொது. செல்வராணிக்கு இது எட்டாம் மாதம். எங்கள் ஆட்களுக்கு வீடு கொடுக்க ஆளில்லாத இந்த ஊரில், பிறாவ் கேர்பர் என்ற கிழவி தன் இரண்டறை வீட்டை வந்து பார்க்கச் சொன்னாள். சனிக்கிழமை கால் மணித்தியாலம். அதற்குப் பிறகு வேறு ஆட்கள் வருகிறார்கள். செல்வராணி பட்டர் கேக் அடித்தாள். "நாங்கள் அமைதியான குடும்பம், ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்க்க மாட்டோம்" என்று டொச்சில் ஒரு வசனம் பாடமாக்கினாள். ஞாயிறில் தோய்த்தால் இங்கே வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. கிழமை முழுக்கக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். சிறீதரனுக்கு அன்றைக்கு வேலை. கூடப் போய் டொச் கதைக்க யார் இருக்கிறார்?

குகதாசன் வந்தார். துணியோடு.

"கேக்கைப் பெட்டியோடை குடுக்கிறதே? கொண்டா இஞ்சை."

"அண்ணை, நேரமாகுது."

"பார் பிள்ளை, தலைகீழாப் பிடிச்சாலும் அவிழாது."

பிடித்துக் காட்டினார். ட்ராமிலும் ஒருக்கால் காட்டினார். முடிச்சு அவிழவில்லைதான்.

பிறாவ் கேர்பர் பொதியை வாங்கி முடிச்சில் கை வைத்தாள். பண்டிதர் பாய்ந்தார். ஜப்பான் முறைப்படி கொடுக்கிறவர்தான் அவிழ்க்கவேண்டும், அவிழ்த்து, துணியைத் தானே திருப்பி எடுத்துக்கொள்ளவேண்டும் என்று, கொஞ்ச டொச்சிலும் மிச்சத்தைக் கையாலும் விளக்கினார். இது மடிப்பு, இது காது, இது போத்தலுக்கு, இது புத்தகத்துக்கு என்று மேசையில் இருந்த பூச்சாடியையும் கட்டிக் காட்டினார். கிழவி ரசித்துப் பார்த்தாள். செல்வராணி கதிரை நுனியில் இருந்தபடி வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கடைசியில் பெட்டியைத் திறந்தால் உள்ளே கேக் இல்லை, தூள். அதைப் பற்றி யாராவது ஏதாவது சொல்வதற்குள் வாசல் மணி அடித்தது. அடுத்த ஆட்கள்.

அவள் வீட்டின் குசினியைக்கூடப் பார்க்கவில்லை. பாடமாக்கிய வசனம் இன்னும் அவளிடமே இருக்கிறது. 

தொடர்புக்குத் தன் ரெலிபோன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தவரும் பண்டிதர்தான். திங்கட்கிழமை ஒற்றை அறைக்கு ஓடி வந்தார். முகமெல்லாம் வெளிச்சம். செல்வராணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.

"பிறாவ் கேர்பர் ரெலிபோன் எடுத்தவ, பிள்ளை."

"என்னண்ணை சொன்னவ?"

"தன்ரை சிநேகிதிகளுக்கும் வந்து துணி கட்டப் பழக்கட்டாம். அடுத்த சனி. ஆறேழு பேர் வருவினமாம்."

"வீடு?"

"ஓ, வீடோ. அது மற்ற ஆக்களுக்குக் குடுத்திட்டாவாம்."

செல்வராணி அழவில்லை. திரும்ப உட்கார்ந்தாள். கட்டில், அலுமாரி, அரிசி மூட்டை, அதற்கிடையில் மடித்து வைத்த பாய் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள்.

"அண்ணை, பிள்ளை பிறந்தா அதையும் ஒரு துணியிலை வடிவாக் கட்டித் தாங்கோ. சுவரிலை கொழுவி விடுறன். நிலத்திலை இடமில்லை."

குகதாசன் தலையைக் குனிந்தார். ஆளுக்கு உறைத்துவிட்டது என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். நெற்றியைச் சுருக்கி, விரல்களால் காற்றில் எதையோ மடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அதுக்கு வேறை முடிச்சு, பிள்ளை."

சிரித்தீர்களா? நல்லது. ஆனால் அந்த முடிச்சு எப்படிப் போடுவது என்று அறிய உங்களுக்கும் ஒரு துளி ஆசை எழுந்திருந்தால், தயவு செய்து செல்வராணிக்கு உதவி செய்யப் போகாதீர்கள்.